காயமா, அச்சுப்பிழையா?

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் கறுக்காக்குறிச்சியில் 1898ஆம் ஆண்டு 501 ரோமானியப் பொற்காசுகள் ஒன்றாகக் கிடைத்தன. அகஸ்டஸ், டைபீரியஸ், கிளாடியஸ், நீரோ எனத் தொடங்கி வெஸ்பாசியன் காலம் வரை, அதாவது பொது ஆண்டு முதல் நூற்றாண்டின் பெரும்பகுதிக்கு உரியவை அவை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜி. எஃப். ஹில் அவற்றை ஆராய்ந்து பட்டியலிட்டபோது, காசின் வயதையும் பொன்னின் அளவையும் விட வேறொன்று பளிச்சென்று கண்ணில் பட்டது. மிகப் பெரும்பாலான காசுகளில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே ஆழமான ஒரு கோடு ஓடியது. நெற்றியில் தொடங்கிக் கன்னத்தைப் பிளந்து இறங்கிய கோடுகள் அவை. ரோமிலும் ஐரோப்பாவின் பிற பகுதிகளிலும் கிடைத்த இதே பேரரசர்களின் காசுகளில் இப்படியொரு கோட்டைப் பார்க்க முடியாது. அப்படியானால் இந்தக் கோடு எப்போது விழுந்தது? அச்சடித்த இடத்திலேயே நேர்ந்த பிழையா, பிற்பாடு பட்ட காயமா? வினோதமாகத் தோன்றும் எந்தப் பழங்காசு கையில் கிடைத்தாலும் முதலில் எழ வேண்டிய கேள்வி இதுதான். இதற்குத் திட்டமான விடை காண முடியும் என்பதும், விடை 'காயம்' என்று வந்தால் அந்தக் காசு மதிப்பிழந்ததாக எண்ணக்கூடாது என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம். தமிழகத்தின் பணவரலாற்றில் அச்சுப்பிழைகள் சொன்னதைவிடக் காயங்கள் சொன்னது அதிகம்.

இந்தக் கேள்வி நமக்குப் புதியதல்ல. சங்கப் புலவர்களின் பெயர்களைப் புரட்டினால் வடமவண்ணக்கன் தாமோதரனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர் கிழான் என்று 'வண்ணக்கன்' என்ற தொழிற்பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. வண்ணக்கன் என்றால் நாணயம் பார்ப்பவன். பொன்னின் மாற்றையும் காசின் நன்மை தீமையையும் சோதித்துச் சொல்பவன். பாட்டுக் கட்டியவர்களின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு அது மதிப்புள்ள தொழிலாக இருந்திருக்கிறது. சோழர் கல்வெட்டுகள் விலையையும் அறக்கட்டளை முதலையும் குறிக்கும்போது வெறுமனே காசு என்று நிறுத்துவதில்லை. 'அன்றாடு நற்காசு' என்று அடைமொழி சேர்க்கின்றன. அன்றைய நாளில் செல்லுபடியாகும் நல்ல காசு என்பது பொருள். நல்ல காசு என்று ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது என்றாலே, நல்லதல்லாத காசும் கையில் புழங்கியது என்றுதான் கொள்ள வேண்டும். தேய்ந்தது, வெட்டுப்பட்டது, எடை குறைந்தது, பூச்சுப் பூசியது எனப் பலவகைக் காசுகளுக்கு நடுவே ஒன்றைப் பிரித்தெடுக்கும் கண் இந்த மண்ணில் ஈராயிரம் ஆண்டுகளாகப் பழகிய கண்.

வண்ணக்கனுக்கு வேண்டியது அந்தக் காசு இன்று செல்லுமா என்ற விடை. வரலாற்றை நாடுபவருக்கு வேண்டியது எது முன், எது பின் என்ற வரிசை. ஒரு காசின் வாழ்க்கையை மூன்று கட்டங்களாகப் பிரிக்கலாம். முதலாவது, வெற்றுவில்லை தயாராவது: உலோகத்தை உருக்கி வார்த்தோ, தகடாக அடித்து வெட்டியோ, எடை சரிபார்க்கப்பட்ட சிறு துண்டு அது. இரண்டாவது, அச்சடிப்பு: பட்டடையில் பதித்த கீழச்சின் மேல் வில்லையை வைத்து, மேலச்சைப் பிடித்து, சம்மட்டியால் ஓங்கி அடிக்கும் கணம். மூன்றாவது, காசு அடிக்கும் இடமான அக்கசாலையை விட்டு வெளியேறிய பிறகான நெடுங்காலம்: கைமாறுவது, சோதிக்கப்படுவது, துளைக்கப்படுவது, புதைக்கப்படுவது, மீண்டும் தோண்டி எடுக்கப்படுவது. முதல் இரண்டு கட்டங்களில் நேர்ந்தது அக்கசாலையின் பிழை. மூன்றாவதில் நேர்ந்தது காயம். காசின் வினோதம் எந்தக் கட்டத்தில் சேர்ந்தது என்று கண்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதைக் காணும் வழி உலோகத்தின் இயல்பிலேயே இருக்கிறது. காசில் புடைத்துத் தெரியும் உருவம் அச்சில் பள்ளமாக வெட்டப்பட்டிருக்கும். ஆகவே அச்சில் விரிசல் விழுந்தாலோ ஒரு சில்லு பெயர்ந்தாலோ, அந்தப் பள்ளத்துக்குள் உலோகம் ஏறிக் காசில் மேடாக எழும். அச்சின் குறை காசில் மேடு. காசின் மேல் பின்னர் விழுந்த கீறல் பள்ளம். இந்த ஒரு விதியே சந்தேகங்களில் பாதியைத் தீர்த்துவிடும். விதிவிலக்கும் உண்டு. அச்சுக்குள் எண்ணெயோ தூசோ அடைத்திருந்தால் எழுத்து நிரம்பாமல் போகும். வில்லைக்கும் அச்சுக்கும் நடுவில் ஏதேனும் சிக்கினால் அங்கே குழி விழும். ஆனால் அப்படிப் பிறந்த குழிக்கு ஓர் அடையாளம் இருக்கிறது. அதன் கரை மழுங்கி, பக்கத்திலுள்ள உருவத்தோடு இசைந்து நிற்கும். பிற்பாடு உளியோ கத்தியோ கிழித்த பள்ளத்தின் இரு கரையிலும் உலோகம் பிதுங்கி உதடுபோல் எழுந்திருக்கும். கிழிபட்ட எழுத்தின் இரு பாதிகளும் பள்ளத்துக்கு இப்புறமும் அப்புறமும் நேர்க்கோட்டில் நிற்கும். நடுவில் ஓடும் பள்ளத்தை மனத்தால் அகற்றிவிட்டு இரு பாதிகளையும் பொருத்தினால் முழு உருவம் கிடைக்குமானால், உருவம் முன்பே இருந்தது, வெட்டு பிறகு வந்தது என்று தயங்காமல் சொல்லலாம்.

புதுக்கோட்டைக் காசுகளை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். வாகை மாலை சூடிய டைபீரியஸின் தலை ஒருபுறம். கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்த பெண் மறுபுறம். தலைப்பக்கத்தில் விழுந்த கோடு மேடல்ல, பள்ளம். வாகை இலைகளையும் முகத்தையும் அது ஊடறுத்துச் செல்கிறது. அறுபட்ட பகுதிகள் இருபுறமும் தொடர்கின்றன. அச்சில் இருந்த குறை என்றால் ஒரே அச்சில் அடித்த காசுகள் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில், ஒரே வடிவில் அது திரும்ப வந்திருக்க வேண்டும். இங்கே கோட்டின் கோணமும் நீளமும் காசுக்குக் காசு மாறுகின்றன. அதுமட்டுமல்ல, பல பத்தாண்டுகள் இடைவெளியில், வெவ்வேறு பேரரசர்களின் காலத்தில், வெவ்வேறு அச்சுகளில் அடித்த காசுகள் அனைத்திலும் ஒரே மாதிரியான பிழை நேர்வது நடக்காத காரியம். ஒரு கையோ, ஒரே கட்டளைக்கு உட்பட்ட சில கைகளோ, எல்லாக் காசுகளும் ஓரிடத்தில் சேர்ந்த பிறகு செய்த வேலை இது. அந்த இடம் இந்தியா. ஆந்திர, தெலங்கானப் பகுதிகளில் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகள் சிலவற்றிலும் இத்தகைய வெட்டுகள் இருப்பது இதை உறுதி செய்கிறது.

இங்கே ஒரு தடை எழும். ரோமானியக் காசு ஓரளவு ஒழுங்கான வட்டம், தெளிவான உருவம். அதில் பிழையையும் காயத்தையும் பிரிப்பது எளிது. நம் நாட்டுப் பழங்காசுகளோ பிறவியிலேயே கோணல்மாணலானவை. அவற்றில் பிழை எது, காயம் எது என்று எப்படிப் பிரிப்பது, பிரித்துத்தான் என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அது அளவுகோலை மாற்றச் சொல்கிறதே தவிர, அளவுகோலே வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்திரத்தில் அடித்த இக்காலக் காசுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, முழு வட்டமும் நடுவில் அமர்ந்த உருவமும்தான் இயல்பு. அந்தக் கண்ணோடு பார்த்தால் இராசராசனின் செப்புக்காசுகளில் பெரும்பாலானவை பிழைகளே. ஒருபுறம் நிற்கும் மனித உருவம். மறுபுறம் அமர்ந்த உருவம், கைக்குக் கீழே நாகரி எழுத்தில் 'ஸ்ரீராஜராஜ' என்ற பெயர். தமிழகமெங்கும் இலங்கையிலும் ஏராளமாகக் கிடைத்த இந்தக் காசுகளில் பெயர் முழுமையாக விழுந்தவை குறைவு. ஒன்றில் தலை வெளியே போயிருக்கும், இன்னொன்றில் கால். காரணம், அச்சும் வில்லையும் அளவில் பொருந்த வேண்டும் என்பதோ, வில்லை அச்சின் நட்டநடுவில் உட்கார வேண்டும் என்பதோ அன்றைய அக்கசாலையின் கவலையாக இருக்கவில்லை. எடை சரியாக இருந்தால் போதும். எந்த மன்னன் காசு என்று தெரிந்தால் போதும். எனவே உருவம் விலகி விழுந்த சோழர் காசைப் பிழைக்காசு என்று சொல்வது பொருந்தாது. அந்தத் தொழில் முறையில் அதுதான் இயல்பு.

இன்னும் பழைய முத்திரைக் காசுகளுக்குப் போனால் இது மேலும் விளங்கும். வெள்ளித் தகட்டைப் பட்டையாக வெட்டி, துண்டுகளாக்கி, சுமார் 3.4 கிராம் எடைக்குக் கொண்டுவர மூலைகளை நறுக்கி, பிறகு சூரியன், மலை, மரம், விலங்கு போன்ற சின்னங்களைத் தனித்தனி முத்திரைகளால் குத்தியிருக்கிறார்கள். மூலை உடைந்ததுபோல் தோன்றும் காசு உடைந்தது அல்ல, எடை சரிசெய்யப்பட்டது. ஒரு முத்திரை இன்னொன்றின் மேல் ஏறியிருப்பது இரட்டை அச்சுப்பிழை அல்ல. ஐந்து முத்திரைகளை ஒரு சிறு துண்டில் குத்தும்போது நேர்வதே. ஆனால் பின்புறத்திலுள்ள சின்னஞ்சிறு குறிகள் வேறு கதை. வரலாற்றறிஞர் டி. டி. கோசாம்பி தட்சசீலத்தில் கிடைத்த முத்திரைக் காசுகளை ஒவ்வொன்றாக எடைபோட்டு, பின்புறக் குறிகள் கூடக் கூடக் காசின் எடை குறைந்து வருவதைக் காட்டினார். அந்தக் குறிகள் காசு புழங்கிய காலத்தில், சோதித்துப் பார்த்தவர்கள் அவ்வப்போது இட்டவை என்பது அதனால் தெளிவாயிற்று. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு ஒழுங்கற்ற சிதைவாகத் தெரிந்தது, எடைத்தட்டில் ஏறியதும் ஒரு காசின் வயதைச் சொல்லும் கணக்காக மாறியது. பிழையையும் காயத்தையும் பிரிப்பதால் என்ன பயன் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை தேவையில்லை.

கையால் அடித்த காசுகளிலும் உண்மையான அச்சுப்பிழை உண்டு. முதல் அடிக்கும் இரண்டாம் அடிக்கும் நடுவே வில்லை நழுவினால் உருவம் இரட்டையாக விழும்; அப்போது இரு உருவங்களுமே அச்சின் கூர்மையோடு இருக்கும், ஒன்றை அழுத்தி மற்றொன்று அமர்ந்திருக்கும். அடித்த காசு மேலச்சில் ஒட்டிக்கொள்ள, அதைக் கவனியாமல் அடுத்த வில்லையை வைத்து அடித்தால், புதிய காசின் ஒருபுறம் உருவம் புடைப்பாகவும், மறுபுறம் அதே உருவம் இடவலம் மாறிப் பள்ளமாகவும் பதியும். ரோமானிய வெள்ளிக்காசுகளில் இவ்வகை நிறையவே உண்டு. அவசரமாக வேலை நடந்த ஒரு நாளின் சாட்சி அது. இதையே போலியாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு காசுகளைச் சேர்த்துப் பட்டறைப் பிடியில் வைத்து நெருக்கினால் ஒன்றின் உருவம் மற்றொன்றில் பள்ளமாக இறங்கும். வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. உண்மைப் பிழையில் அந்தப் பக்கத்துக்குரிய மூல உருவம் ஒருபோதும் விழுந்திருக்காது. நெருக்கி உண்டாக்கிய போலியில் நசுங்கிய மூல உருவம் அடியில் மங்கலாகத் தெரியும். நெருக்குதலைத் தாங்கிய பின்புறமும் தட்டையாகிப் போயிருக்கும். எது முன், எது பின் என்ற அதே கேள்விதான் இங்கும் வழிகாட்டுகிறது.

காயம்போலவும் பிழைபோலவும் ஒருசேரத் தோன்றி, இரண்டுமே அல்லாத காசுகளும் நம்மிடம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் எந்திரம் நிறுவி அரைப் பகோடா என்ற வெள்ளிக்காசுகளை அடித்தது. ஒருபுறம் கோபுரம், சுற்றிலும் விண்மீன்கள், மறுபுறம் திருமால். ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு என நான்கு மொழி எழுத்துகளும் அதில் இடம்பெற்றன. இதற்கான வெள்ளி பெரும்பாலும் ஸ்பானிய டாலர்களாக வந்தது. அமெரிக்கக் கண்டத்தின் சுரங்கங்களில் தோண்டி, ஸ்பெயின் மன்னரின் முகத்தோடு அடித்து, கடல்கடந்து வந்த வெள்ளி அது. அந்த டாலர்களின் மேலேயே பகோடா அச்சு இறங்கிய காசுகளில், கோபுரத்தின் அடுக்குகளுக்கு நடுவே ஓர் எழுத்தின் வளைவோ, மன்னரின் தலைமுடிச் சுருளோ, பழைய விளிம்பின் வேலைப்பாடோ மங்கலாகத் தென்படும். முதல் பார்வையில் யாரோ சுரண்டிக் கெடுத்ததுபோல் இருக்கும். கூர்ந்து பார்த்தால் வரிசை தலைகீழ் என்பது தெரியும். வினோதமான கோடுகள் கோபுரத்துக்குப் பின் வந்தவை அல்ல. முன்பே இருந்து, கோபுரத்தின் அழுத்தத்தில் முழுவதும் அழியாமல் தப்பியவை. கோபுரத்தின் வரி அவற்றின் மேல் ஏறி அவற்றை நசுக்கியிருக்கும். சுரண்டல் என்று நினைத்துத் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டால், மெக்சிகோவிலிருந்து சென்னை வரை வந்த ஒரு வெள்ளித்துண்டின் பயணமே அழிந்துபோகும்.

எந்திரக் காசுக்கு வந்துவிட்டால் அளவுகோல் மீண்டும் மாறுகிறது. இங்கே வில்லையைச் சுற்றி ஒரு வளையம் பிடித்துக்கொள்வதால் வட்டம் பிசகாது. விளிம்பு ஒரே சீராக எழும். ஆகவே கையடிக் காசில் இயல்பாக இருந்த விலகல், எந்திரக் காசில் உண்மையான பிழையாகிறது. புதுக்கோட்டையின் அம்மன் காசு இதற்கு நல்ல பாடம். ஒருபுறம் பிரகதாம்பாள், மறுபுறம் தெலுங்கில் 'விஜய' என்ற எழுத்து. முற்காலத்தில் கையால் அடித்தவை தடித்தும் ஒழுங்கற்றும் இருக்கும். பிற்காலத்தில் எந்திரத்தில் அடித்தவை வட்டமாகவும் சீராகவும் இருக்கும். முதல்வகையில் எழுத்தில் பாதி காணாமல் போயிருந்தால் அதில் வியப்பில்லை. இரண்டாம் வகையில் அதே பாதி காணாமல் போயிருந்தால் காரணம் தேடியாக வேண்டும். ஒரே ஊர், ஒரே அம்மன், ஒரே சொல். ஆனால் செய்முறை மாறியதும் பிழை என்ற சொல்லின் பொருளே மாறிவிடுகிறது. வினோதமான காசைப் பார்த்ததும் 'இதில் என்ன குறை' என்று கேட்பதற்கு முன் 'இதை எப்படிச் செய்தார்கள்' என்று கேட்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

துளையை எடுத்துக்கொண்டாலும் இதே பாடம்தான். 1943 முதல் 1947 வரை இந்தியாவில் அடித்த வெண்கலப் பைசாவின் நடுவில் பெரிய துளை உண்டு. போர்க்காலத்தில் உலோகத்தை மிச்சப்படுத்த, முன்பிருந்த காலணாவில் பாதிக்கும் குறைவான எடையில் அதை அமைத்தார்கள். கிரீடமும் எழுத்தும் ஆண்டும் துளையைச் சுற்றி இடம் பார்த்து அமர்ந்திருக்கும். துளையின் கரையிலும் ஓர் ஒழுங்கு இருக்கும். அந்தத் துளை ஒருபக்கம் சாய்ந்து விழுந்திருந்தால் அது தங்கசாலையின் பிழை. துளையே இல்லாத வடிவில் பிறந்த காசில் துளை இருந்தால், அது எழுத்தையோ உருவத்தையோ தின்றிருக்கும். குத்திய ஊசி வெளியேறிய பக்கத்தில் பிசிறு தூக்கி நிற்கும். அது பிற்கால வேலை. தென்னிந்தியாவில் கிடைத்த பிற்கால ரோமானிய, பைசாந்தியப் பொற்காசுகளில் பேரரசரின் தலைக்கு மேலே அருகருகே இரண்டு துளைகள் இட்டிருப்பதை அடிக்கடி காணலாம். கர்நாடகத்தின் அக்கி ஆலூர்ப் புதையலிலும் இத்தகையவை உண்டு. தலைக்கு மேலே துளை என்றால் நூலில் கோத்துத் தொங்கவிடும்போது முகம் நிமிர்ந்து நிற்கும். இரண்டு துளை என்றால் காசு சுழலாமல் படிந்து கிடக்கும். கண்டபடி குத்திய துளை அல்ல இது. அணிபவரின் கழுத்தையும் பார்ப்பவரின் கண்ணையும் மனத்தில் வைத்துக் குத்தியது. கொடுக்கல் வாங்கலுக்காக வந்த பொன் ஒரு கழுத்தணியாக மாறிய கணத்தை அந்தத் துளை பதிவு செய்து வைத்திருக்கிறது. காசுமாலை என்ற அணி நம் வீடுகளில் இன்றும் இருக்கிறது. காசைத் துளைத்துப் பூணும் வழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு இந்தத் துளைகள் சான்று.

இப்போது புதுக்கோட்டை வெட்டுக்குத் திரும்பலாம். அது காயம் என்பது முடிந்த விஷயம். எதற்காக என்பதுதான் எஞ்சிய கேள்வி. உள்ளே செம்போ ஈயமோ இருக்கிறதா என்று பார்க்க வெட்டியிருக்கலாமே என்பது முதலில் எழும் விளக்கம். அதற்கு முன்மாதிரியும் உண்டு. ஏதென்ஸின் ஆந்தைக் காசுகள் எகிப்திலும் மேற்காசியாவிலும் ஆழமான சோதனை வெட்டுகளோடு கிடைக்கின்றன. பூச்சுப் பூசிய வெள்ளிக்காசுகள் ரோமிலும் இருந்ததால், வெள்ளியைப் பொறுத்தவரை இந்த விளக்கத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் புதுக்கோட்டையில் இருப்பது பொன். பொன்னைச் சோதிக்க உரைகல்லும் தராசும் இருந்தன. வண்ணக்கன் என்ற தொழிலே இருந்தது. சோதனைதான் நோக்கம் என்றால் விளிம்பில் ஒரு சிறு கொத்து போதும். ஒவ்வொரு முறையும் தேடிப்போய்ப் பேரரசரின் தலையைப் பிளக்க வேண்டியதில்லை. நூற்றுக்கணக்கான காசுகளில் அதே இடத்தைக் குறிவைத்த உளி, உலோகத்தின் உட்புறத்தைவிட மேற்புறத்திலுள்ள முகத்தின் மேல்தான் அக்கறை கொண்டிருக்கிறது. உருவங்களின் மேல் கொண்ட மதவெறுப்பு என்று சிலர் சொன்னதும் நிற்கவில்லை. மறுபுறத்தில் அமர்ந்திருக்கும் பெண்ணுருவை வெட்டாமல் விட்டுவிட்டு மன்னனின் தலையை மட்டும் வெட்டுவானேன்?

மன்னனின் முகம்தான் காசைக் காசாக்குகிறது. அதுதான் அதன் முத்திரை, அதன் உறுதிமொழி. அந்த முகத்தை வெட்டினால் அது நாணயம் என்ற தகுதியை இழந்து, எடைக்கு எடை விற்கும் வெறும் பொன்னாகிறது. அதிகாரம் உள்ள ஒருவர், இந்த வேற்றுநாட்டுக் காசு இனி இங்கே காசாகச் செல்லாது, பொன்னாக மட்டும் செல்லும் என்று போட்ட குறியாக இந்த வெட்டைக் கொள்வதே சான்றுகளோடு மிகவும் ஒத்துப்போகிறது. உளியை அரசாணையின் கருவியாகப் பயன்படுத்தியதற்கு வேறிடத்தில் எழுத்துச் சான்றே உண்டு. பொது ஆண்டுக்கு முன் 375ஐ ஒட்டி ஏதென்ஸ் இயற்றிய நாணயச் சட்டம், சந்தையில் அமர்ந்திருக்கும் அரசுச் சோதகர் பூச்சுக்காசையோ கள்ளக்காசையோ கண்டால் அங்கேயே வெட்டிப் புழக்கத்திலிருந்து விலக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. கல்லில் பொறித்த அந்தச் சட்டம் ஏதென்ஸின் பழைய சந்தைவெளியில் அகழ்ந்தெடுக்கப்பட்டது. அங்கே கள்ளக்காசுக்கு இட்ட தண்டனை. இங்கே நல்ல பொன்னுக்கு இட்ட எல்லைக்கோடு. நோக்கம் வேறு, கருவி ஒன்று.

இப்படிப் பார்த்தால் அந்த வெட்டின் எடை கூடுகிறது. இந்தியாவுக்கு ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் பணம் போகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி குறைப்பட்டுக்கொண்டதும், பொது ஆண்டு 64இல் நீரோ பொற்காசின் எடையையும் வெள்ளிக்காசின் தரத்தையும் குறைத்ததும் ரோமின் பக்கத்துக் கதை. நம் பக்கத்தில் அந்தப் பணத்தை எப்படி வாங்கினார்கள், எந்த நிபந்தனையில் வைத்துக்கொண்டார்கள் என்பதைச் சொல்ல ஒரு பிளினி இல்லை. அந்த இடத்தை நிரப்புவது உளி வெட்டுதான். ரோமானியர் அடித்த முகம் ரோமின் வரலாறு. அதன் மேல் விழுந்த வெட்டு நம்முடைய வரலாறு. வந்த பொன்னையெல்லாம் கைகட்டி வாங்கிக்கொண்ட சந்தையாக இது இருக்கவில்லை. தன் விதியை அந்தப் பொன்னின் மேலேயே எழுதியிருக்கிறது.

இதற்கும் ஒரு மறுப்பு உண்டு. காசு சேர்ப்பவர்களின் சந்தையில் அச்சுப்பிழைக்குத்தான் கூடுதல் விலை; வெட்டும் துளையும் தேய்வும் உள்ள காசு விலைபோகாது; விலை வைப்பவர்கள் காரணமில்லாமலா வைக்கிறார்கள் என்று கேட்கலாம். அச்சுப்பிழை அரிதானது, ஆகவே விலை உயர்ந்தது, இது நியாயமே. ஆனால் அச்சுப்பிழை சொல்வதெல்லாம் ஒரு கணத்தின் கதை: வில்லை நழுவியது, அச்சு உடைந்தது, கை தவறியது. காயம் சொல்வது காசு வாழ்ந்த காலத்தின் கதை. ஒன்று அக்கசாலையின் உள்ளே நடந்தது. மற்றது ஊருக்குள் நடந்தது. அரிது என்பதற்காக ஒன்றைப் போற்றுவதில் தவறில்லை. எளிது என்பதற்காக மற்றதை உருக்கிவிடுவதுதான் தவறு. புதுக்கோட்டைக் காசுகள் ஓரிரண்டு மட்டும் தனித்தனியே கிடைத்து, வெட்டுப்பட்டவை என்று உருக்குக் கலத்துக்குப் போயிருந்தால், இந்த வாதத்தை முன்வைக்கவே சான்று இருந்திருக்காது. 501 காசுகள் ஒன்றாகக் கிடைத்து, ஒன்றாக ஆராயப்பட்டதால்தான் ஒரு கோடு ஒரு வழக்கமாகத் தெரிந்தது.

ஆகவே இதைப் படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வயலில் உழும்போதோ, வீடு கட்டக் கடைகால் தோண்டும்போதோ, பாட்டியின் பெட்டியிலோ வினோதமான பழங்காசு ஒன்று கிடைத்தால் முதலில் அதைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். சாம்பலிலும் அமிலத்திலும் போடாதீர்கள். வெட்டின் உள்ளேயும் வெளியேயும் ஒரே நிறத்தில் படிந்த பச்சைக்களிம்பு அந்த வெட்டு பழையது என்பதற்குச் சாட்சி. வெட்டுக்குள் மட்டும் செம்பு பளபளத்தால் அது அண்மையில் பட்டது. தேய்த்துவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். வளைந்ததைத் தட்டி நிமிர்த்த வேண்டாம், துளையை அடைக்கவும் வேண்டாம். பல காசுகள் சேர்ந்து கிடைத்தால் நல்லவை, கெட்டவை என்று பிரிக்காமல் கிடைத்தபடியே வையுங்கள்; கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மண்ணில் புதைந்து கிடைத்த பழம்பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் இருந்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது. அதன்படி நடந்தால் காசோடு அதன் கதையும் காப்பாற்றப்படும். முழுமையான காசு அடித்தவனைப் பற்றிச் சொல்லும். காயம்பட்ட காசு நம் முன்னோரைப் பற்றிச் சொல்லும். அதைக் கேட்கும் முன் அழித்துவிடாதீர்கள்.